'கிரீன்ஹவுஸ்' என்று வந்தாலே 'பசுமை இல்லம்' தானா?

எழுத்தாணி

வணக்கம். பொது அறிவியல் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்று தோட்டக்கலை, ஒன்று பருவநிலை, ஒன்று கார் வடிவமைப்பு, இன்னொன்று இரண்டாம் உலகப் போர் விமானங்கள். நான்கிலும் 'கிரீன்ஹவுஸ்' வருகிறது. யோசிக்காமல் நான்கிலும் 'பசுமை இல்லம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஒரு வரியைச் சுழித்துத் திருப்பி அனுப்பினார்: "இந்தக் காரின் பசுமை இல்லம் தாழ்வாகவும் பின்பக்கம் சரிந்தும் இருக்கிறது." ஓரத்தில் அவர் கேட்டிருந்தது: "உள்ளே என்ன செடி வைத்திருக்கிறார்கள்?"

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. மற்ற மூன்று மட்டும் சரியாக இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள்? தமிழிலும் பசுமை இல்லம், பசுமைக்குடில், பசுங்குடில், பைங்குடில், பச்சை வீடு என்று ஐந்தாறு கண்ணில் படுகின்றன. எல்லாம் ஒன்றேதானா, இல்லை இடத்துக்கு ஒன்றா?

நான்காம் கியர்

கார் விஷயம் எளிது. ஒரு காரைப் பக்கவாட்டில் பாருங்கள். கதவில் கண்ணாடி தொடங்கும் இடத்தில் ஒரு கோடு ஓடும். அதற்கு மேலே இருப்பது அத்தனையும், அதாவது முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், பின்கண்ணாடி, அவற்றுக்கு நடுவே நிற்கும் தூண்கள், கூரை, எல்லாம் சேர்ந்து வடிவமைப்பாளர்கள் பேச்சில் கிரீன்ஹவுஸ். வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் பெயர்ப்பொருத்தம் முகத்தில் அடிக்கும். 'கண்ணாடிக் கூடு' என்று போட்டுப் பாருங்கள்.

விமானத்திலும் அதேதான். விமானியின் தலைக்கு மேல் நீளமாக, சட்டம் சட்டமாகக் கண்ணாடி பதித்த மூடி. சில குண்டுவீச்சு விமானங்களின் கண்ணாடி மூக்கையும் அப்படிச் சொன்னார்கள். 'கண்ணாடி மூடி' போதும். இந்த இரண்டு இடத்திலும் பச்சையை விட்டுத்தள்ளுங்கள்.

அகராதிப்பூச்சி

எல்லா இடத்திலுமே அந்தப் பச்சையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அது நிறம் அல்ல.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோட்டக்காரர்கள் 'கிரீன்ஸ்' என்றால் சில செடிகளைக் குறித்தார்கள். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காதவை, ஆனால் உறைபனி பட்டால் செத்துவிடுபவை. ஆரஞ்சு, எலுமிச்சை, மிர்ட்டில் இந்த மாதிரி. அவற்றைத் தொட்டியில் வளர்த்து, குளிர் வந்ததும் ஒரு கட்டடத்துக்குள் தூக்கி வைப்பார்கள். அந்தக் கட்டடம்தான் 'கிரீன்ஸ்' இருக்கும் வீடு. ஜான் ஈவ்லின் என்ற ஆங்கில எழுத்தாளர் 1664இல் வெளியிட்ட தோட்டக்காரர் நாட்குறிப்பில் இந்தச் சொல் வருகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் காலத்துக் கட்டடம் இன்று நாம் நினைக்கும் கண்ணாடிக் கூடாரமே அல்ல. தடித்த சுவர், மூடிய கூரை, தெற்கே மட்டும் பெரிய சன்னல்கள். 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டிய வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சு மனையைப் பார்த்தால் புரியும், கிட்டத்தட்ட ஒரு கல் மண்டபம். குளிரிலிருந்து செடியைக் காப்பாற்றுவதுதான் நோக்கம், வளர்ப்பது அல்ல. கூரையிலும் கண்ணாடி வந்து, வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து, உள்ளேயே விதைத்து அறுக்கும் இடமாக அது மாறியது பிறகுதான். பெயர் மட்டும் பழசு.

ஆகவே 'பச்சை வீடு' சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, பொருளைத் தொடவில்லை. இலங்கைப் பாடநூல்களில் 'பச்சைவீட்டு விளைவு' என்றுதான் வரும், அங்கே படித்தவர்களுக்கு அது பழகிவிட்டது. அதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் முதன்முறை கேட்பவர் பச்சை வண்ணம் அடித்த வீட்டைத்தான் நினைப்பார்.

சந்தேகப்பிராணி

அப்படியென்றால் ஆங்கிலத்தில் பச்சை வண்ண வீட்டை எப்படிச் சொல்வார்கள்? அதுவும் அதே இரண்டு சொற்கள்தானே?

அகராதிப்பூச்சி

எழுத்தில் இடைவெளி விடுவார்கள். பேச்சில் அழுத்தம் மாறும். செடி வளர்க்கும் இடம் என்றால் 'கிரீன்' மேல் அழுத்தம், பச்சை வீடு என்றால் 'ஹவுஸ்' மேலும் அழுத்தம் விழும்.

நமக்கு இது புதிதில்லை, நாம் அழுத்தத்துக்குப் பதில் சொல்லை ஒட்டிவிடுகிறோம். 'கரும்பலகை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பாதி வகுப்பறைகளில் அது பச்சை நிறம். இருந்தும் கரும்பலகை என்கிறோம், யாரும் சண்டைக்கு வருவதில்லை. 'கருப்புப் பலகை' என்று பிரித்துச் சொன்னால்தான் நிறம் முன்னால் வந்து நிற்கும். பசுங்குடிலுக்கும் பச்சைக் குடிலுக்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு துணுக்கு. நிஜமாகவே பச்சையாக இருந்த ஒரு பசுங்குடில் உண்டு. லண்டன் கியூ தோட்டத்தின் பனைமனை 1848இல் முடிந்தபோது, கடும் வெயிலில் இலைகள் கருகாமல் இருக்க வெளிர்பச்சைச் சாயமேறிய கண்ணாடியைப் பதித்தார்கள். பின்னாளில் வெளிச்சம் போதவில்லை என்று அதைக் கைவிட்டு நிறமற்ற கண்ணாடிக்கு வந்துவிட்டார்கள்.

வகுப்பறை ஜன்னல்

நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். என் தொல்லை 'பச்சை' அல்ல, 'பசுமை'.

பசுமை என்றால் இன்று சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொருள். பசுமை ஆற்றல், பசுமைக் கட்டடம், பசுமைப் பட்டாசு. அந்த வரிசையிலேயே 'பசுமை இல்ல வாயு' என்றும் சொல்கிறோம். ஒரு மாணவி எழுந்து, "பசுமை இல்ல வாயுவை ஏன் டீச்சர் குறைக்கணும், அது நல்ல வாயுதானே?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் தமிழ் சரி, நம் கலைச்சொல்தான் அவளை வழிதவறவிட்டது. 'பசுமை வீடு' என்றால் கூரையில் சூரியத் தகடு வைத்த வீடு என்றும், 'பசுமை இல்லம்' என்றால் பூமியைச் சூடாக்குவது என்றும் வைத்துக்கொண்டால் எந்தக் குழந்தை குழம்பாது?

கடலோடி

டீச்சர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. இந்தப் பச்சையைத் தூக்கிக்கொண்டு திரிவது முக்கியமாக ஆங்கிலமும் அதைப் பார்த்து எழுதியவர்களும்தான். பிரெஞ்சில் 'சேர்', மூடிப் பத்திரப்படுத்துவது என்ற வினையிலிருந்து வந்தது. ஸ்பானிஷில் 'இன்வெர்னாதேரோ', அதாவது குளிர்காலம் கழிக்கும் இடம். ஜெர்மனில் 'டிரைப்ஹவுஸ்', செடியை விரட்டி வளர்க்கும் வீடு. ஸ்வீடிஷில் வளர்ப்பு வீடு. சீனத்திலும் ஜப்பானியத்திலும் 'வெப்ப அறை' என்று பொருள்படும் ஒரே எழுத்துச் சேர்க்கை. ருஷ்யனில் கட்டடத்துக்குச் சூட்டிலிருந்து வந்த பெயர், பருவநிலை விளைவுக்கு நீராவியிலிருந்து வந்த பெயர்.

ஒவ்வொரு ஊரானும் அந்தக் கட்டடத்தில் எதைப் பார்த்தான் என்பது பெயரிலேயே தெரிகிறது. ஒருவனுக்குக் குளிர், ஒருவனுக்குச் சூடு, ஒருவனுக்கு மூடி. ஆங்கிலேயனுக்கு உள்ளே இருந்த செடி. நாம் நேராக ஆங்கிலத்திலிருந்து எடுத்ததால் அவன் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்திக்காரர்களும் 'ஹரித்கிருஹ' என்று அதே வேலையைத்தான் செய்தார்கள்.

எழுத்தாணி

அருமை. ஆனால் பருவநிலைக் கட்டுரையில் என் கை நடுங்குகிறது. அதில் ஒரு வரி: "1824இல் ஃபூரியே பசுமை இல்ல விளைவைக் கண்டுபிடித்துப் பெயரிட்டார்." மூலத்தில் இருப்பதை அப்படியே பெயர்த்தேன். சரிதானே?

வகுப்பறை ஜன்னல்

பாதி சரி. ஜோசப் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1824இல் எழுதியது உண்மை. சூரிய ஒளி காற்றைத் தாண்டி எளிதாக உள்ளே வருகிறது, தரையிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத வெப்பம் வெளியேறச் சிரமப்படுகிறது என்பது அவர் யோசனை. ஆனால் பெயர் வைத்தது அவர் அல்ல. அவர் எடுத்துக்காட்டியதும் செடி வளர்க்கும் கட்டடத்தை அல்ல, சோசூர் என்பவர் வெயிலில் வைத்துச் சோதித்த, கண்ணாடி அடுக்குகள் மூடிய ஒரு பெட்டியை.

பிறகு 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு உள்ள உருளைதான் அதிகம் சூடாகிறது என்று காட்டினார். 1859இல் ஜான் டிண்டால் எந்தெந்த வாயு வெப்பக் கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்று கருவி வைத்து அளந்தார். 1896இல் ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ், காற்றில் கார்பன் டை ஆக்சைடு மாறினால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டார், அவரும் 'ஹாட்ஹவுஸ்' (சூட்டறை) கண்ணாடி என்றே எழுதினார். இந்த இடத்துக்கு 'கிரீன்ஹவுஸ்' வந்து சேர்வது 1901இல் எக்கோல்ம் என்ற ஸ்வீடன் வானிலையாளர் எழுதிய கட்டுரையில். அதற்குச் சில வருடங்களுக்குள் பாய்ன்டிங் என்ற ஆங்கில இயற்பியலாளர் 'விளைவு' என்பதையும் சேர்த்துவிட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் குடில் சூடாவதற்குக் காரணம் 'பசுமை இல்ல விளைவு' அல்ல!

சந்தேகப்பிராணி

என்னது?

வகுப்பறை ஜன்னல்

ஆமாம் தம்பி. 1909இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் கருப்பு அட்டையில் இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்றின் மேல் கண்ணாடி, இன்னொன்றின் மேல் பாறை உப்புத் தகடு. கண்ணாடி வெப்பக் கதிரை மறிக்கும், பாறை உப்பு விட்டுவிடும். வெப்பக் கதிரை மறிப்பதால்தான் குடில் சூடாகிறது என்றால் கண்ணாடிப் பெட்டி மிக அதிகம் சூடாக வேண்டும். ஆனால் சூரிய ஒளியை முதலில் ஒரு கண்ணாடி வழியாகச் செலுத்திச் சமப்படுத்தியபோது, இரண்டும் ஏறக்குறைய 55 டிகிரி செல்சியசைத் தொட்டன. வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை.

காரணம் எளிது. வெயிலில் தரை சூடாகும், தரையைத் தொட்ட காற்று சூடாகி மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே வரும். வெட்டவெளியில் இது நடந்துகொண்டே இருக்கும். குடிலில் மூடி இருப்பதால் சூடான காற்று தப்ப முடியாது. அவ்வளவுதான். கூரை முகட்டுச் சன்னலைத் திறந்துவிட்டால் சூடு உடனே இறங்கிவிடும், கண்ணாடி மீதி இடமெல்லாம் அப்படியே இருந்தும்.

வளிமண்டலம் செய்வது வேறு வேலை. அங்கே காற்றை அடைத்துவைக்கும் மூடி எதுவும் கிடையாது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்றவை தரையின் வெப்பக் கதிரை உறிஞ்சி, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி, இருப்பதால் சுமார் 15. விளைவு நூற்றுக்கு நூறு உண்மை, உவமைதான் ஒட்டவில்லை. இதைச் சொன்னால் சிலர் "அப்போ புவி வெப்பமடைவதே பொய்யா?" என்று கிளம்புவார்கள், அதனால்தான் வகுப்பில் அளந்து பேசுகிறேன்.

மண்ணும் மூட்டையும்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது வாய் திறக்கிறேன். குடிலுக்குள்ளேயே பொழுது போகும் ஆள் நான். டீச்சர் சொன்ன பகல் கணக்கு சரி. ராத்திரிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண பாலித்தீன் தாள் வெப்பக் கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். பகலில் அதனால் ஒன்றும் குறைவதில்லை, குடில் நன்றாகவே சூடேறும். ஆனால் மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் உள்ளே இருக்கும் சூடு வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். சில நேரம் வெளியைவிட உள்ளே குளிர் கூடிவிடும், வெப்பமானி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் வெப்பக் கதிரை மறிக்கும் பொருள் கலந்த தாள் விற்கிறார்கள், உள்ளே இழுத்து மூடும் திரையும் போடுகிறார்கள். ஆக, வுட் சொன்னது பகலுக்கு. ராத்திரிக்கு ஃபூரியேவும் கொஞ்சம் தேவைப்படுகிறார்.

இன்னொன்று. 'கிரீன்ஹவுஸ் வாயு' என்றால் எங்களுக்குச் சொல்லுக்குச் சொல் ஒரு பொருள் உண்டு. மூடிய குடிலில் நல்ல வெளிச்சம் இருந்தால் செடிகள் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் தின்று தீர்த்துவிடும். பிறகு வளர்ச்சி மந்தமாகும். அதனால் பெரிய குடில்களில் குழாய் போட்டு அதையே உள்ளே விடுகிறார்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு என்றால், உள்ளே 800 முதல் 1000 வரை ஏற்றுவார்கள். குடிலுக்குள் காசு கொடுத்து ஏற்றுகிறோம், வெளியே எப்படி இறக்குவது என்று மாநாடு போடுகிறோம். எழுத்தாணி ஐயா, தோட்டக்கலைக் கட்டுரையில் இந்த இடம் வந்தால் 'பசுமை இல்ல வாயு' என்று போட்டுத் தொலைக்காதீர்கள், படிப்பவர் தலை சுற்றும்.

பெயர் விஷயத்தில் எங்கள் கதை வேறு. பேச்சில் பாலிஹவுஸ், வலைக்கூடு என்போம். கண்ணாடியோ பாலித்தீனோ மூடியிருந்தால் பசுமைக்குடில், வலை மட்டும் என்றால் நிழல்வலைக்குடில். இல்லம் என்று யாரும் சொல்வதில்லை. இல்லத்தில் ஆள் இருப்பார்கள், குடிலில் வெள்ளை ஈ இருக்கும். அந்த ஈயின் லத்தீன் பெயரிலேயே சூட்டறை என்ற பொருள் ஒட்டியிருக்கிறதாம், எவ்வளவு உரிமையோடு குடியேறியிருக்கிறது பாருங்கள்.

புதுமைப்பித்து

இவ்வளவு ஓட்டை இருக்கிற சொல்லை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? வாயு நல்லதில்லை, உவமை சரியில்லை, நிறமும் இல்லை. 'வெப்பச்சிறை விளைவு', 'வெப்பச்சிறை வளிமம்' என்று மாற்றிவிடலாமே. குழந்தைக்கும் ஒரு நொடியில் புரியும்.

அகராதிப்பூச்சி

சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் பின்னால் வருவார்கள்? பாடநூல், செய்தித்தாள், அரசு ஆவணம் எல்லாவற்றிலும் 'பசுமை இல்ல' வேரூன்றிவிட்டது. ஆங்கிலத்திலேயே நூறு வருடமாக இயற்பியலாளர்கள் முணுமுணுக்கிறார்கள், சொல் அசையவில்லை. கலைச்சொல் ஒரு பெயர்ப்பலகை, வரையறை அல்ல. கரும்பலகையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறை ஜன்னல்

கரும்பலகையால் யாரும் பரீட்சையில் தவறாக எழுதுவதில்லையே. முழுதாக மாற்ற வேண்டாம், முதல்முறை வரும்போது 'வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள்' என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன். அந்த மாணவி இப்போது கேட்பது வேறு கேள்வி: நீராவிதான் அதிகம் பிடிக்கிறது என்றால் இந்த வாயுக்களைக் குறைக்க நாடுகள் 1997இல் செய்த கியோட்டோ ஒப்பந்தத்தின் ஆறு வாயுக்கள் பட்டியலில் அது ஏன் இல்லை? பதில் இதுதான்: காற்றில் எவ்வளவு நீராவி நிற்கும் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது, நாம் வெளியிடுவது அல்ல. ஆனால் அவள் இதுவரை வந்துவிட்டாளே!

ஓலைக்கட்டு

தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒன்று. 'பைங்குடில்' என்ற வடிவத்தைச் சிலர் செயற்கை என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதுதான் இருப்பதிலேயே துல்லியம்.

பசுமை என்ற பண்புப்பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது ஈற்று 'மை' கெட்டு, முதலில் உள்ள அகரம் ஐகாரமாகும். பைந்தமிழ், பைங்கிளி, பைந்தொடி எல்லாம் அப்படி வந்தவை. அதே வழியில் ஒரு பழைய சொல் இருக்கிறது: பைங்கூழ். குறளில் 550ஆம் பாட்டில் வரும், களை பிடுங்குவதோடு சேர்த்து. அங்கே பைங்கூழ் என்றால் வயலில் நிற்கும் பயிர். பச்சை நிறக் கூழ் அல்ல!

அகராதிப்பூச்சி சொன்ன அந்த ஆங்கிலத் தோட்டக்காரர்களின் 'கிரீன்ஸ்' இதேதான். நிறத்தைச் சொல்லிச் செடியைக் குறிப்பது. அவர்கள் 17ஆம் நூற்றாண்டில் செய்ததை நம் மொழி எப்போதோ செய்துவிட்டது. பைங்கூழ் இருக்கும் குடில், பைங்குடில். கடலோடி தம்பி, நாம் ஆங்கிலேயன் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை என்று இதை வைத்து வாதாடலாம்.

கடலோடி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். இருந்தாலும் சந்தையில் பைங்குடில் என்று கேட்டால் மண்ணும் மூட்டையும் அண்ணனே முழிப்பார்.

மண்ணும் மூட்டையும்

முழிப்பேன். ஆனால் ஒரு தடவைதான்.

எழுத்தாணி

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். தோட்டக்கலையில் பசுமைக்குடில், வலை மட்டும் உள்ள இடத்தில் நிழல்வலைக்குடில், குழாயில் விடுவது வெறும் கார்பன் டை ஆக்சைடு. பருவநிலையில் பசுமை இல்ல விளைவு, முதல்முறை டீச்சரின் தொடரோடு. ஃபூரியே வரியில் 'பெயரிட்டார்' என்பதை எடுக்கச் சொல்லி மூல ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். அதே கட்டுரையில் பூமியின் துருவங்களில் பனிப்படலமே இல்லாத நெடுங்காலங்களையும் இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள், கிரிட்டேசியஸ் காலம் போல. அங்கே 'வெப்பப் புவி'. 1951இல் பசிபிக் கடலின் எனிவெட்டாக் தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனை வரிசைக்கும் இதுதான் குறிப்பெயர் என்று விமானக் கட்டுரையில் ஒரு அடைப்புக்குறிக்குள் வருகிறது. அதை மொழிபெயர்க்காமல் 'ஆபரேஷன் கிரீன்ஹவுஸ்' என்றே விட்டுவிட்டேன். கார், விமானம் இரண்டும் நான்காம் கியர் சொன்னபடி. பைங்குடிலை எங்காவது ஒரு தலைப்பிலாவது நுழைத்துவிட ஆசை.

எழுத்தாணி

மெய்ப்பு திரும்பி வந்துவிட்டது. கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு சரி போட்டிருக்கிறார். ஆனால் விமானக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு சுழி. "உத்தரவை மீறியதற்காக அந்த பிரிட்டிஷ் வீரர் மூன்று மாதம் கண்ணாடி மாளிகையில் இருந்தார்." ஓரத்தில்: "இவருக்கு மட்டும் ஏன் இந்த உபசாரம்?" மூலத்தில் 'கிளாஸ்ஹவுஸ்' என்று இருக்கிறது. இதுவும் செடி வளர்க்கும் இடம்தானே?

அகராதிப்பூச்சி

பிரிட்டிஷ் படையில் அது ராணுவச் சிறை. ஆல்டர்ஷாட்டில் இருந்த சிறைக்குக் கண்ணாடிக் கூரை, அதனால் வந்த பட்டப்பெயர்.

எழுத்தாணி

மாற்றிவிட்டேன். உபசாரம் ரத்து.